வரம்பில்லை என்று விற்றுவிட்டு வரம்பு போடலாமா?

வாசகர் கேள்வி – பதில்

வீட்டு இணைய இணைப்பு பற்றிய சந்தேகங்களை எழுதும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்து குவிந்த கடிதங்களில் பெரும்பாலானவை மூன்று குறைகளையே வெவ்வேறு ஊர்களிலிருந்து சொல்கின்றன: சொன்ன வேகம் வருவதில்லை, சொன்ன தொகையில் பில் வருவதில்லை, மாதம் முடிவதற்குள் டேட்டா தீர்ந்துவிடுகிறது. ஒரே குறையைச் சொல்லும் கடிதங்களில் விவரம் அதிகமாக உள்ளதை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் ‘அன்லிமிடெட்’ திட்டம் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் 18, 19 தேதி ஆனதும் வேகம் 1 எம்பிபிஎஸ் ஆகிவிடுகிறது. மகள் கல்லூரிப் பாடங்களைச் செல்போன் டேட்டாவில்தான் பார்க்கிறாள். கேட்டால், “1000 ஜிபி தாண்டிவிட்டீர்கள், எஃப்யூபி முடிந்துவிட்டது” என்கிறார்கள். வீட்டில் இருப்பது நானும் மகளும் மட்டுமே. துபாயில் வேலை பார்க்கும் கணவர் பார்ப்பதற்காக வாசலிலும் கொல்லையிலும் கேமரா வைத்து, இரவும் பகலும் பதிவாவது போல் அமைத்திருக்கிறோம். அன்லிமிடெட் என்று சொல்லி ஏமாற்றுகிறார்களா, இல்லை நாங்கள்தான் கவனிக்காமல் விட்டுவிட்டோமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். ‘அன்லிமிடெட்’ என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு 1000 ஜிபி வரம்பைப் பொடி எழுத்தில் தள்ளிவிடுவது நேர்மையான வியாபாரம் அன்று. நிறுவனங்கள் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கின்றன: டேட்டா தீர்ந்தாலும் இணைப்பு துண்டிக்கப்படாது, வேகம்தான் குறையும், கூடுதல் கட்டணமும் வராது, ஆகவே இது வரம்பற்றதுதான் என்பார்கள். இதற்கு ‘நியாயமான பயன்பாட்டுக் கொள்கை’ என்று பெயர். அதன் ஆங்கிலச் சுருக்கம்தான் உங்களிடம் சொன்ன எஃப்யூபி. நம் ஊர் உணவகங்களில் ‘அளவுச் சாப்பாடு’ என்றும் ‘முழுச் சாப்பாடு’ என்றும் பிரித்து எழுதிப்போட்டிருப்பார்கள். இரண்டுக்கும் விலை வேறு, கேட்பவரும் தெரிந்தே கேட்கிறார். முழுச் சாப்பாட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு, இரண்டாவது முறை சோறு கேட்டதும் நாலு பருக்கை வைத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது இது.

டேட்டாவுக்கு வரம்பு வைப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. 2005இல் பிஎஸ்என்எல் நிறுவனத்தின் டேட்டாஒன் இணைப்பு வந்த காலத்தில் 256 கேபிபிஎஸ் (அதாவது கால் எம்பிபிஎஸ்) வேகமே பெரிதாக இருந்தது; சில திட்டங்களில் பின்னிரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை பயன்படுத்துவது கணக்கில் சேராது என்பதால், அலாரம் வைத்து எழுந்து பதிவிறக்கம் செய்தவர்களில் நானும் ஒருவர். அன்றைய வரம்பு இன்றையதைவிடப் பல மடங்கு கடுமையானது. ஆனாலும் எத்தனை எம்பி, எந்த நேரம், மிஞ்சினால் எவ்வளவு என்று திட்டத்தின் பெயரோடு சேர்த்தே சொல்லிவிடுவார்கள். வரம்பை மறைத்து விற்பதுதான் இன்று நம்மைக் காயப்படுத்துகிறது.

சட்டம் இந்த விஷயத்தில் நம் பக்கம் ஓரளவு நிற்கிறது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2016 அக்டோபர் 31 அன்று எல்லா இணைய நிறுவனங்களுக்கும் ஓர் உத்தரவு பிறப்பித்தது. ஒவ்வொரு திட்டத்துக்கும் டேட்டா வரம்பு எவ்வளவு, அதுவரை வேகம் எவ்வளவு, அதற்குப் பிறகு வேகம் எவ்வளவு என்ற மூன்றையும் விளம்பரத்திலும் இணையதளத்திலும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது. வரம்பில் 50 சதவீதமும் 90 சதவீதமும் தீரும்போது வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்றும், வரம்பு முடிந்த பின்னும் வேகத்தை 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே இறக்கக் கூடாது என்றும் சொன்னது. உங்களுக்கு அந்தத் தகவல்கள் எஸ்எம்எஸ்ஸிலோ மின்னஞ்சலிலோ வந்தனவா என்று தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் அதுவே ஒரு தனிப் புகார். இன்னொன்றும் உண்டு. 2023 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை, குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேகம் தரும் இணைப்பைத்தான் பிராட்பேண்டு என்று சொல்ல வேண்டும் என வரையறையை உயர்த்தியது. பிராட்பேண்டு என்று பெயர் சொல்லிப் பணம் வாங்கிவிட்டு மாதத்தில் 12 நாள் 1 எம்பிபிஎஸ் தருவது இந்த வரையறைக்கு எப்படிப் பொருந்துகிறது என்று நிறுவனத்திடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. கைபேசியிலோ தொலைக்காட்சியிலோ நல்ல தரத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் ஏறத்தாழ 3 ஜிபி செலவாகும். நீங்கள் இருவரும் தினம் ஆளுக்கு மூன்று மணி நேரம் பார்த்தாலும் 18 நாளில் 324 ஜிபிதான் ஆகும், 1000 ஆகாது. ஆகவே என் சந்தேகம் அந்தக் கேமராக்கள் மீதுதான். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் நாள் முழுவதும் இணையத்துக்கு அனுப்பினால், ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. இரண்டு கேமராவுக்கு 43 ஜிபி. 18 நாளுக்குக் கணக்குப் போட்டால் 778 ஜிபி வந்துவிடும். நாம் பார்ப்பது மட்டுமே கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான திட்டங்களில் வீட்டிலிருந்து வெளியே அனுப்புவதும் அதே கணக்கில்தான் சேரும். கேமராவைப் பொருத்திய கடைக்காரரை அழைத்து, பதிவு கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில் சேரும்படியும், ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் இணையத்துக்குப் போகும்படியும் மாற்றச் சொல்லுங்கள். உங்கள் கணவர் வேண்டும்போது நேரலையாகப் பார்ப்பதற்கு இதனால் எந்தத் தடையும் வராது. அப்படியே வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

இந்தக் கேமரா கணக்கை உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டியது மாதாமாதம் பணம் வாங்கும் நிறுவனம். எந்த நாளில் எவ்வளவு செலவானது என்ற விவரம் அவர்களிடம் இருக்கிறது. அந்த நாள்வாரி விவரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். கணினியில் எதைப் பதிவிறக்கினாலும் 11 எம்பிக்கு மேல் ஏறுவதே இல்லை. மாடியறையில் கைபேசியில் சோதித்தால் 30தான் காட்டுகிறது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தருகிறார்கள் என்று சண்டை போட்டேன், அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.
– வாசகர், மதுரை

பதில்: இந்தச் சண்டையில் முதல் பாதியில் நியாயம் அவர்கள் பக்கம் இருக்கிறது. நிறுவனம் வேகத்தைச் சொல்வது மெகாபிட்டில். கணினி பதிவிறக்கத்தைக் காட்டுவது மெகாபைட்டில். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட், வழியில் போகும் சேதாரத்தைக் கழித்தால் 11 வருவது சரியான வேகமே. இரண்டு அளவுக்கும் ஏறக்குறைய ஒரே பெயராக இருப்பதால் எத்தனையோ பேர் இப்படி வருந்துகிறார்கள். இணைப்புக் கொடுக்க வருபவர் ஒரு நிமிடம் செலவழித்து இதைச் சொல்லிவிட்டுப் போகலாம்.

மாடியறையில் 30 காட்டுவது வேறு கதை. அது வைஃபையின் வேகம். தெருக் கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்துசேரும் வேகம் அன்று. நண்பர் ஒருவர் வீட்டில் இதே குறையைப் பார்க்கப் போனேன். கூடத்தில் தூசி படியக் கூடாதென்று ரூட்டரை இரும்புப் பீரோவின் பின்பக்கம் தள்ளி வைத்து, மேலே ஒரு துணியும் போர்த்தியிருந்தார்கள். அதை எடுத்து ஆள் உயரத்தில் சுவரில் மாட்டியதும், அதே அறையில் 28ஆக இருந்தது 80ஐத் தாண்டியது. ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் இருக்கும். முதலாவது சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு, பக்கத்து வீட்டு ரூட்டர்களெல்லாம் அதிலேயே நெரியும். இரண்டாவது வேகம் அதிகம், கான்கிரீட் சுவர் குறுக்கே வந்தால் தளர்ந்துவிடும். கைபேசி எதில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள்.

நிறுவனத்திடம் புகார் செய்வதானால் மடிக்கணினியை லேன் கேபிளால் ரூட்டரில் நேரடியாகச் சொருகி, வேறு எந்தக் கருவியும் இணைப்பில் இல்லாதபோது எடுத்த அளவைத்தான் காட்ட வேண்டும். வைஃபையில் எடுத்த அளவைக் காட்டினால், “உங்கள் வீட்டுச் சுவர்தான் காரணம்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

கேள்வி: பகலில் நன்றாக ஓடுகிறது. இரவு 8 மணியிலிருந்து 11 மணி வரை படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. எங்கள் பகுதிக் கேபிள்காரர் வழியாக வாங்கிய இணைப்பு. லேன் கேபிளில் சோதித்தும் அந்த நேரத்தில் 15ஐத் தாண்டுவதில்லை. திட்டம் 100 எம்பிபிஎஸ்.
– வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் வீட்டு ஃபைபர் உங்களுக்கு மட்டுமானது அன்று. தெருவில் ஒரு பெட்டியிலிருந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது; அத்தனை வீடுகளுக்கும் சேர்த்து, பரவலாகப் பயன்படும் ஜிபான் தொழில்நுட்பத்தில், வரும் வேகம் சுமார் 2.5 கிகாபிட். 64 வீட்டுக்கும் தலா 100 தருவதாகச் சொன்னால் 6.4 கிகாபிட் வேண்டும். எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் எந்த நிறுவனமும் விற்கிறது, அதில் தவறில்லை. ஆனால் இரவில் மட்டும் 15க்கு இறங்குகிறது என்றால், அந்தப் பெட்டிக்கும் மேலே, உங்கள் பகுதி முழுவதற்கும் அவர்கள் மொத்தமாக வாங்கும் இணையக் கொள்ளளவு போதவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். புது இணைப்புகளை விற்றுக்கொண்டே போவார்கள், மொத்தக் கொள்முதலை மட்டும் கூட்ட மாட்டார்கள்.

ஒரு வாரம் தொடர்ந்து காலை 7 மணிக்கும் இரவு 9 மணிக்கும் லேன் கேபிளில் சோதித்துத் தேதி, நேரத்தோடு திரையைப் படம் பிடித்து வையுங்கள். அந்தப் பதினான்கு படங்களும் உங்களுக்காகப் பேசும். பக்கத்து வீடுகளிலும் இதே நிலை என்றால் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் எழுதிக் கொடுங்கள். கேபிள்காரர் நம் தெருக்காரர், முகம் பார்த்துப் பழகியவர் என்பதால் வாயால் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். அவருக்குப் பின்னால் உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் இருக்கிறது. பில்லில் அதன் பெயர் இருக்கும். கடிதம் அந்தப் பெயருக்குப் போக வேண்டும்.

கேள்வி: மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்து ஆறு நாள் இணைப்பே இல்லை. மூன்றாவது நாள் ஒருவர் அழைத்து, “ஆள் அனுப்புகிறோம், ஓடிபி சொல்லுங்கள்” என்றார். சொன்னேன். உடனே ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வந்தது. ஆள் வரவில்லை. ஆறு நாளுக்கும் சேர்த்தே பில் வந்திருக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் வீட்டில் நடந்ததை யாரோ எனக்கே எழுதி அனுப்பியது போலிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் எங்கள் மோடத்திலும் ‘எல்ஓஎஸ்’ என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஃபைபர் வழியாக வரும் ஒளி மோடத்துக்கு வந்துசேரவில்லை என்பதுதான் அதன் பொருள். ஒவ்வொரு அழைப்புக்கும் இருபது நிமிடம் காத்திருந்து, ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லி, “மோடத்தை அணைத்துப் போடுங்கள்” என்ற அதே யோசனையை நான்கு முறை கேட்டேன். விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும்போதே புகார் தீர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. நான்காம் நாள் வந்த இளைஞர் ஒளியின் வலிமையை அளக்கும் மீட்டரைச் சொருகிப் பார்த்து, “மைனஸ் 29 காட்டுது சார், மைனஸ் 27க்குள்ள இருக்கணும்” என்றார். மாடிக்குப் போனோம். கைப்பிடிச் சுவரில் ஒரு செம்பருத்தித் தொட்டியின் அடியில் ஃபைபர் நசுங்கி மடிந்திருந்தது. அந்த இடத்தை வெட்டி, மேலுறையை உரித்து, முடியைவிட மெல்லிய அந்தக் கண்ணாடி இழையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, கையடக்கக் கருவியில் இரு முனைகளையும் வைத்து ஒட்டினார். பத்து நிமிடம் ஆகவில்லை. மீட்டர் மைனஸ் 21 காட்டியது, விளக்கு பச்சையானது. பத்து நிமிட வேலைக்கு நான்கு நாள் காக்க வைத்தது அந்த இளைஞர் அல்லர். அவர் ஒருவரே அன்று பதினொரு வீடு பார்க்க வேண்டியிருந்தது.

உங்களுக்கு உள்ள உரிமை இது. டிராய் 2024இல் கொண்டுவந்து அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த சேவைத் தர விதிகளின்படி, வீட்டு இணைப்பின் பழுது மூன்று நாளுக்குள் சரிசெய்யப்படாவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பீடு தர வேண்டும். முன்பணம் கட்டியவர், பின்பணம் கட்டுபவர் இருவருக்கும் இது பொருந்தும். ஒரு மாவட்டம் முழுவதும் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனால், பின்பணக்காரருக்கு வாடகையில் கழிவும் முன்பணக்காரருக்குக் கூடுதல் நாட்களும் தர வேண்டும். இயற்கைப் பேரிடர் காரணமாக நின்றால் இதற்கு விலக்கு உண்டு. உங்களுக்கு ஆறு நாள் ஆகியிருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

அதற்கு ஆதாரம் வேண்டும். புகார் செய்தவுடன் ஒரு பதிவு எண் தருவார்கள். அதைக் குறித்து வையுங்கள், சிவப்பு விளக்கைத் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். ஓடிபி என்பது, வேலை முடிந்தது என்று நீங்கள் போடும் கையெழுத்து. விளக்கு பச்சையாகி, கைபேசியில் ஒரு பக்கம் திறக்கும் வரை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். தீராத புகாரை முடித்துவிட்டார்கள் என்றால், 2012ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு நுகர்வோர் குறைதீர் விதிகளின்படி அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம்; கட்டணம் கிடையாது; 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கு நேரடியாக எழுதிப் பலர் ஏமாந்துபோகிறார்கள். தனிப்பட்ட புகார்களை டிராய் விசாரிப்பதில்லை.

கேள்வி: மாதம் 499 ரூபாய் என்று விளம்பரம். ஆறு மாதம் மொத்தமாகக் கட்டினால்தான் இணைப்பு என்று 3,533 ரூபாய் வாங்கினார்கள். வேகமும் இல்லை, வாரத்துக்கு இரண்டு நாள் இணைப்பும் இல்லை. இரண்டு மாதத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மீதி நான்கு மாதப் பணத்தைத் தர முடியாது என்கிறார்கள்.
– வாசகி, வேலூர்

பதில்: தொகை முதலில். 499 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 588 ரூபாய் 82 காசு. ஆறு மாதத்துக்கு 3,533 சரிதான். வரியைச் சேர்க்காத தொகையை விளம்பரத்தில் பெரிதாகப் போடுவதை இந்தத் துறையில் ஏறக்குறைய எல்லாருமே செய்கிறார்கள். சாமானியக் குடும்பத்துக்கு மாதம் 90 ரூபாய் வித்தியாசம் என்பது சிறிய விஷயம் அன்று.

நீங்கள் மனம் மாறி விலகியிருந்தால் மீதிப் பணம் கிடைப்பது அவர்கள் எழுதியிருக்கும் நிபந்தனையைப் பொறுத்தது. உங்கள் வழக்கு அப்படியானதன்று. வாக்களித்த சேவையைத் தராததால் விலகியிருக்கிறீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைச் சேவைக் குறைபாடு என்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். நிறுவனத்துடன் பேசித் தீர்க்க அவர்கள் முயல்வார்கள். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டதாக இருப்பதால் மனுக் கட்டணம் இல்லை; வழக்கறிஞர் கட்டாயம் இல்லை; குறை ஏற்பட்டு இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும்.

தொலைத்தொடர்பு வழக்குகள் நுகர்வோர் ஆணையத்தில் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் பழைய தந்திச் சட்டத்தைக் காட்டி அப்படி ஒரு தீர்ப்பு தந்தது உண்மை. அதை வைத்துப் பல மனுக்களைத் தள்ளுபடி செய்ததும் உண்மை. 2022 பிப்ரவரியில் அதே உச்ச நீதிமன்றம், ஒரு செல்போன் நிறுவனம் வைத்த அந்த வாதத்தை ஏற்க மறுத்து, வாடிக்கையாளர் நுகர்வோர் மன்றத்தை அணுகலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நான்கு மாத மீதி 2,355 ரூபாய். அந்தத் தொகைக்கு யார் அலைவது என்று நாம் விட்டுவிடுவோம் என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் மொத்தமாக முன்பணம் வாங்குகிறார்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

இனி ஒரு வேண்டுகோள்: புது நிறுவனத்தில் முதல் இரண்டு மாதத்துக்கு மாதாந்திரத் திட்டமே போடுங்கள். ஆறு மாதத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியைவிட, பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளும் சுதந்திரம் அதிக மதிப்புள்ளது.

கேள்வி: எங்கள் மலைக் கிராமத்தில் எந்த நிறுவனமும் ஃபைபர் தருவதில்லை. நாள் ஒன்றுக்கு 2 ஜிபி வரும் செல்போன் டேட்டாவை வைத்துத்தான் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் காட்டுகிறேன். மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது.
– ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: உங்கள் கடிதம் மற்ற எல்லாக் கடிதங்களையும் சிறிதாக்கிவிட்டது. கிராம ஊராட்சிகளுக்கெல்லாம் ஃபைபர் கொண்டுபோகும் திட்டத்துக்கு 2011 அக்டோபரிலேயே மத்திய அரசு ஒப்புதல் தந்தது; பாரத்நெட் என்று இன்று அழைப்பது அதைத்தான். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனமான டான்ஃபினெட்டிடம் இருக்கிறது. உங்கள் ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்திருக்கிறதா, வந்திருந்தால் அது உயிரோடு இருக்கிறதா என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். பெட்டி பொருத்தி மின்இணைப்பு இல்லாமல் கிடக்கும் ஊர்களும் உண்டு. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், பள்ளிக்கு அந்த இணைப்பை நீட்ட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் சபை அது. தீர்மானப் புத்தகத்தில் ஏறிய கோரிக்கைக்கு அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும். அதுவரை, பாடங்களை முந்தின இரவே பென்டிரைவில் இறக்கி வைத்துக் காட்டுவது டேட்டாவை மிச்சப்படுத்தும். இதை ஒரு தீர்வாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை என்றாலும் சொல்கிறேன்.

கேள்வி: சாமானியர் சத்தம் போட்டு இந்த நிறுவனங்கள் எங்காவது பின்வாங்கியதுண்டா?
– வாசகர், டொராண்டோ

பதில்: நீங்கள் இருக்கும் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 2011 ஜனவரியில் கனடாவின் ஒளிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணையம், பெரிய நிறுவனங்களிடம் மொத்தமாக இணையக் கொள்ளளவு வாங்கி விற்கும் சிறு நிறுவனங்கள் மீதும் பயன்பாட்டு அளவுக்கேற்பக் கட்டணம் விதிக்கலாம் என்று முடிவெடுத்தது. ஒன்டாரியோவில் மாதம் 200 ஜிபி வரை தந்துகொண்டிருந்த ஒரு சிறு நிறுவனம், இனி 25 ஜிபிதான் தர முடியும் என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவிக்க வேண்டி வந்தது. சில லட்சம் பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள், அரசு தலையிட்டது, ஆணையம் மறுபரிசீலனை செய்து, அதே ஆண்டு நவம்பரில் அந்த முறையைக் கைவிட்டது.

பிறகு 2020 மார்ச்சில், பெருந்தொற்றுக்காக ஊரே வீட்டுக்குள் அடைந்தபோது, அமெரிக்காவில் காம்காஸ்ட் போன்ற நிறுவனங்கள் டேட்டா வரம்பைத் தற்காலிகமாக நீக்கின. எல்லாரும் ஒரே நேரத்தில் பயன்படுத்திய அந்த மாதங்களில் வரம்பில்லாமலே வலையமைப்பு தாக்குப்பிடித்தது. நெரிசலைத் தவிர்க்கத்தான் மாத வரம்பு என்று நிறுவனங்கள் சொல்லும் காரணத்தை நான் முழுமையாக நம்பாமல் போனது அப்போதுதான். நெரிசல் வருவது இரவு 9 மணிக்கு; மாத வரம்போ விடிகாலை 4 மணிக்குச் செலவழித்ததையும் சேர்த்தே எண்ணுகிறது.

கேள்வி: ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுத்தில் புகார் கொடுக்கச் சொல்கிறீர்கள். எப்படி எழுதுவது என்று ஒரு மாதிரி தந்தால் உதவியாக இருக்கும்.
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: ஐயா, நீளமாக எழுத வேண்டாம், கோபத்தையும் எழுத வேண்டாம். தேதி, எண், அளவு, கேட்பது என்ன என்ற நான்கும் இருந்தால் போதும். மின்னஞ்சலில் அனுப்பினால் நகல் தானே தங்கிவிடும். கையால் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கீழே உள்ளதில் உங்கள் விவரங்களை நிரப்பிக்கொள்ளலாம்.

“என் வாடிக்கையாளர் எண் ______. நான் ______ எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாதம் ______ ரூபாய் செலுத்தி வருகிறேன். ______ தேதி முதல் ______ தேதி வரை லேன் கேபிள் வழியாக எடுத்த 14 சோதனைகளில் இரவு நேர வேகம் ______ எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. படங்களை இணைத்துள்ளேன். முன்பு கொடுத்த புகாரின் பதிவு எண் ______. பழுது சரிசெய்யப்படாமலே அது முடிக்கப்பட்டுள்ளது. வேகக் குறைவுக்கான காரணத்தையும், சரிசெய்யும் தேதியையும், இணைப்பு இல்லாத ______ நாட்களுக்கான கழிவையும், என் கணக்கின் நாள்வாரி டேட்டா விவரத்தையும் எழுத்தில் தர வேண்டுகிறேன். இந்தப் புகாரின் புதிய பதிவு எண்ணை உடனே தெரிவிக்கவும்.”